அவசரமாகச் சுரண்டிய எழுத்து

"உங்களுக்குக் கொஞ்சமாவது மூளை இருக்கா?" என்று கணவர் கொதித்தார்.

விமானத்தை வாங்கிக் கொடுத்த ஏஜென்ட் தலைகுனிந்து நின்றார். தம்பதி வெளிநாட்டில் வாங்கிய குட்டி விமானம், வால் பக்கம் பதிவெழுத்து இல்லாமல் மொட்டையாக நின்றது.

"நம்ம நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதானே இந்த நாட்டுப் பதிவை ரத்து பண்ணச் சொன்னோம்? அதுக்குள்ள ரத்து பண்ணி எழுத்தையும் சுரண்டிட்டீங்களே, இப்ப இது எப்படிப் பறக்கும்?"

"பறக்கக் கூடாது சார். இறக்கையைக் கழற்றிக் கப்பல்லதான் அனுப்பணும்."

"நானே ஓட்டிட்டுப் போகணும்னு இருந்தேன். இவரும் பக்கத்துல உட்கார்ந்து வர்றதா இருந்தாரு," என்றாள் விமானியான மனைவி. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காருக்குப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் கணவர் ஏஜென்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டார். "போன்ல சொன்னபடியே செஞ்சு என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க. ஏணியில ஏறினாலே எனக்குத் தலை சுத்தும். இந்தத் தும்பிக்குள்ள உட்கார்ந்து கடலைத் தாண்டுறதா? அவகிட்ட மூச்சு விட்டுடாதீங்க."

"விடமாட்டேன் சார்."

கணவர் காரில் ஏறியதும், கறுப்புக் கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொல்லி அவள் திரும்பி வந்தாள்.

"ரொம்ப நன்றிண்ணே. எனக்கு ஓட்டிட்டுப் போக ஆசைதான். ஆனா வழியெல்லாம் அவர் பல்லைக் கடிச்சுக்கிட்டு வர்றதை என்னால பார்க்க முடியாது. பயம்னு வாய்விட்டுச் சொல்லவும் மாட்டாரு. நான் சொல்லித்தான் செஞ்சீங்கன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்."

"தெரியாதும்மா," என்றார் ஏஜென்ட்.

கணவர் போனில் கெஞ்சியதற்கு முந்தின நாளே அவர் அந்த எழுத்தைச் சுரண்டிவிட்டிருந்தார்.