தீட்ட வேண்டாத சவரக்கத்தி

"கொம்புப் பிடி போடுங்க. எடை இந்தப் பழைய கத்தி மாதிரியே இருக்கணும்," என்றார் சிதம்பரத்திலிருந்து வந்த உத்திராபதி. "ஆனா தீட்ட மட்டும் வேணாம் தம்பி."

செம்மண்டலத்தில் பட்டறை வைத்திருந்த எழிலனுக்கு அதுதான் முதல் சவரக்கத்தி. தனக்குத் தீட்ட வராது என்று நினைக்கிறாரோ? அவனுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. கத்தியை அடித்து, தேய்த்து, பிடி பொருத்தினான். கடைசியில் ரோஷம் தாங்காமல் தீட்டியும் வைத்தான்.

வாங்க வந்தவரிடம் தன் கை முடியை மழித்துக் காட்டினான். "எப்புடிண்ணே?"

உத்திராபதி பதறிவிட்டார். "ஐயோ, ஏன் தம்பி தீட்டுனீங்க?"

"மொண்ணைக் கத்திய வெச்சு யாருண்ணே ஷேவ் பண்ணுவாங்க?"

"எங்கப்பா. சலூன் வெச்சிருந்தவரு. இப்ப கை நடுங்குது, விரல்ல உணர்ச்சியும் இல்ல. ஆனா தெனமும் எனக்கு ஷேவ் பண்ணாத்தான் சாப்புடுவாரு. நான் முன்னாடியே ஷேவ் பண்ணிட்டுத்தான் போய் உக்காருறேன்."

"அந்தப் பழைய கத்தியையே மழுக்கிடலாமே?"

"அது அவரோடதுப்பா. மனசு வரல."

எழிலன் சாணைக்கல்லில் கத்தியை மழுக்கினான். பிறகு அதைத் தன் தொண்டையில் வைத்து அழுத்தி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் கொடுத்தான்.