தோற்றம்

"முத்தாலம்மாள் நகர்" வரை எழுதியாகிவிட்டது. அதற்கு மேல் பெயர்ப் பலகை வேலை நகரவில்லை.

பெயிண்டர் சிட்டிபாபு சாக்பீஸும் கையுமாகக் குந்தியிருந்தார். தெருவே பட்டாபிராமன் சார் வீட்டு வாசலில் கூடியிருந்தது. மழைநீர்க் கால்வாய் கேட்டு மனு கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு அமைப்பு வேண்டும். அமைப்புக்கு ஒரு பெயர் வேண்டும்.

"கழகம்னு வைங்க" என்றார் குமரவேல்.

"எந்தக் கழகம் சார்? கொடி கலர் இன்னான்னு சொல்லிட்டா, அதுக்குத் தோதா பெயிண்ட் குழைச்சுக்குவேன்."

தேர்தல் முடிந்து அப்போதுதான் சுவர்களுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். கழகம் கைவிடப்பட்டது.

மகேஷ் மன்றம் என்றான். மன்றம் என்றால் கட்அவுட்டுக்குப் பால் ஊற்ற வேண்டியிருக்கும் என்று கனகவல்லி அக்கா தள்ளிவிட்டாள். பேரவை என்றால் என்ன சாதி என்று கேட்பார்களாம். இயக்கம் என்றால் போலீஸ் வந்து கேட்குமாம். கூட்டணி என்று யாரோ சொன்னதற்கு, சீட்டு பிரிக்கிற வரைக்கும்தான் அது தாங்கும் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

இரும்புலியூர் மூலையில் இருக்கும் இந்த ஒரே ஒரு தெருவுக்கு இத்தனை சொல்லா என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை. நான் அங்கே வாடகைக்கு இருப்பவள். கடைசி ஓரத்தில், மடியில் தூங்கும் மகள் வெண்ணிலாவோடு உட்கார்ந்திருந்தேன்.

"சங்கம்" என்று முடித்தார் பட்டாபிராமன் சார். ரயில்வேயில் ரிட்டயரானவர். அவர் பச்சைக் கொடி காட்டினால் வண்டி கிளம்பியாக வேண்டும். "வீட்டு உரிமையாளர்கள் சங்கம். எழுதுப்பா."

சிட்டிபாபு எழுதினார். உரிமையாளர்கள். அதற்குள் நான் வரமாட்டேன்.

தினமும் வாசலில் கோலம் போடும்போது, இந்தத் தெருவில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் முதல் புள்ளியை வைப்பேன். மனுவில் நானும் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், இவர்களில் ஒருத்தியாக. அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். கால் வரவில்லை.

காற்றில் பட்டாபிராமன் சாரின் வாசல் கதவு கிறீச்சிட்டது. வீடு கட்டியபோது ஆசைப்பட்டுப் போட்ட தேக்குக் கதவு. இப்போது கீல் பிய்ந்து, தண்ணீரில் ஊறிக் கோணிப்போய், ஒரு அம்மிக்குழவியின் தயவில் நிற்கிறது.

"கதவு ரொம்ப பேஜாரா கீதே சார். ஆசாரிகிட்ட காட்டக் கூடாதா?"

"அது இருக்கட்டும். நீ போர்டைப் பாரு."

சிட்டிபாபு போர்டைப் பார்த்தார். அடியில் இன்னொரு சொல்லை எழுதினார். தோற்றம்.

மகேஷ்தான் முதலில் பார்த்தான். "அண்ணா, தோற்றம் போட்டாச்சு. மறைவு எப்போ?"

தெருவே வெடித்துச் சிரித்தது. தாம்பரத்தில் பாதி கண்ணீர் அஞ்சலி போர்டு சிட்டிபாபு எழுதியதுதான். பழக்க தோஷத்தில் கை அதுவாகவே போய்விட்டது.

"செத்தவாளுக்குப் போடறதை சங்கத்துக்குப் போடறியேப்பா! தொடக்கம்னு போடு" என்றார் பட்டாபிராமன் சார்.

"அதை வுடு சார். தேதி இன்னா? இன்னைக்கா?"

"இன்னைக்கு ஏன்?" என்றாள் கனகவல்லி அக்கா. "நாம ஒண்ணா சேர்ந்தது வெள்ளத்தன்னிக்குதானே?"

தேதி என்ன என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. எல்லோரும் திரும்பி என் மடியைப் பார்த்தார்கள்.

"நீ சொல்லும்மா, துர்கா" என்றார் பட்டாபிராமன் சார்.

"டிசம்பர் மூணு, சார்."

சிட்டிபாபு எழுதிக்கொண்டே கேட்டார். "இவங்களும் இங்க ஓனரா சார்?"

பட்டாபிராமன் சார் தன் கதவைப் பார்த்தார். பிறகு வெண்ணிலாவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"தோற்றம்கறது இருக்கட்டும்ப்பா. சரியாத்தான் எழுதியிருக்கே. மேலே இருக்கற அந்த வீட்டு உரிமையாளரை அழி."

சிட்டிபாபு உள்ளங்கையால் தேய்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அழித்த இடத்தில் என்ன போடுவது என்று உடனே அடுத்த சண்டை ஆரம்பித்தது. குடியிருப்போர் என்றார் குமரவேல். பொதுமக்கள் என்றான் மகேஷ். கனகவல்லி அக்காவுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. எனக்கு அவசரம் இல்லை. எந்தச் சொல்லாக இருந்தாலும் அதற்குள் நானும் இருப்பேன்.

அந்த மூன்றாம் தேதி என் வீட்டுக்காரர் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் மாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வலி கண்டுவிட்டது. தெருவில் மார்பளவு தண்ணீர். பட்டாபிராமன் சார் கடப்பாரையால் தன் கதவைப் பெயர்த்துக் கொண்டுவந்தார். என்னை அதில் படுக்க வைத்து அவர் ஒரு மூலை, கனகவல்லி அக்கா ஒரு மூலை, குமரவேல் ஒரு மூலை, மகேஷ் ஒரு மூலை என்று பிடித்துக்கொண்டார்கள். ஜி.எஸ்.டி. ரோடு போய்ச் சேரும்வரை வெண்ணிலா பொறுக்கவில்லை. வழியிலேயே, அந்தக் கதவின் மேலேயே பிறந்துவிட்டாள்.

அன்று அவர்கள் நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

"தூக்கு."