எண்பத்திரண்டு சதவீதம்

"ஒரு கறைகூட இல்லையே! இது சோதனை செஞ்ச நோட்டா, கல்யாணப் பத்திரிகையா?"

பேராசிரியர் விட்டெறிந்த நோட்டு ஆய்வுக்கூட வாசலைத் தாண்டிப் போய் விழுந்தது. முதலாண்டு மாணவன் எவனுடையதோ.

"ஆசிட் சிந்தாம யாராலம்மா சோதனை செய்ய முடியும்? வீட்ல உட்கார்ந்து கதை எழுதியிருக்கான். பொய்யின்னா எனக்கு ஆகவே ஆகாது," என்றார், எதிரே நின்ற ஆய்வு மாணவியிடம்.

அவளுடைய நோட்டில் கறைக்குப் பஞ்சமில்லை. அவர் கண்டுபிடித்த வேதிவினையைத்தான் ஐந்து வருடமாகத் திரும்பத் திரும்பச் செய்கிறாள். வெள்ளைப் படிகம் வரவேண்டிய குடுவையில் இன்றும், நாற்பத்தோராவது முறையாக, பழுப்புப் பிசின்தான். படிகம் வந்தால்தான் பட்டம். பல்கலைக்கழகம் கொடுத்த கெடு இன்றோடு முடிகிறது.

"நீங்க ஒரே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க சார்."

"நானே செஞ்சுட்டா நீ எப்பம்மா கத்துக்கிறது?"

அலமாரியைத் திறந்து தன் பழைய நோட்டை எடுத்து விரித்தார். "இருபத்தாறு வயசுல செஞ்சேன். போட்டதுல எண்பத்திரண்டு சதவீதம் படிகமா கிடைச்சுது!"

அந்த எண்தான் அவருக்கு இந்த நாற்காலியை வாங்கிக் கொடுத்தது. மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைக் கூப்பிடுவதும் 'எண்பத்திரண்டு' என்றுதான்.

முத்து முத்தான எழுத்து. பக்கங்கள் நேற்று வாங்கியதுபோல் வெள்ளை வெளேரென்று இருந்தன. அவள் ஆசையாகத் தொடப் போனவள், தன் விரல் பட்டு அழுக்காகிவிடுமோ என்று கையை இழுத்துக்கொண்டாள்.

"தப்பு என் கையிலதான் சார்."

"சிலருக்குக் கை வராதும்மா. அதுக்கு யார் என்ன செய்ய முடியும்?"

விலகல் கடிதத்தை நகர்த்தி, தன் பேனாவையே திறந்து கொடுத்தார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

"உங்க பேரைக் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க சார்." பாவிப் பெண், அழுதுகொண்டே நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

குடுவையைக் கழுவ வந்தார் ஆய்வக உதவியாளர். பேராசிரியரோடு முப்பது வருடம் அங்கேயே குப்பை கொட்டியவர்.

"இது நாலாவது ஆளு சார். ஒருத்தருக்குக்கூட வரமாட்டேங்குதே?"

பேராசிரியர் நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"எனக்கு மட்டும் வந்துச்சா?"