இடது பக்கம் கொஞ்சம் குறைவாக

“முந்நூறு சி.சி. அளவே வச்சிடலாம்மா. உங்க தோளுக்கும் நெஞ்சு அகலத்துக்கும் அதுதான் எடுப்பா இருக்கும்” என்றார் டாக்டரம்மா.

மேசைமேல் தட்டில் சின்னதும் பெரியதுமாகச் சிலிகான் பைகள், கரை ஒதுங்கிய ஜெல்லிமீன்கள் போல மினுங்கின. மின்னல் அவற்றில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். மின்னல் என்பது அவளுடைய மேடைப் பெயர். கணவன் மந்திரவாதி, அவள் அவனுடைய மேடைத் துணை. போன வருடம் வந்த புற்றுநோய் இரண்டு மார்பையும் வாங்கிக்கொண்டுதான் அவளை விட்டது.

“வேண்டாம் டாக்டர். முன்னே இருந்த அளவு போதும். நூலளவு கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. அப்புறம், இன்னும் கொஞ்சம் பெரிசா வச்சிருக்கலாமேன்னு வந்து நிப்பாங்க.”

“இவ பெரிசா வச்சுக்கிட்டு நின்னா, நாங்க மூணு பேரும் தெருவுலதான் நிக்கணும்” என்றான் மந்திரவாதி.

மின்னல் அவனை ஒரு முறை முறைத்தாள். வீட்டில் ஒரு குழந்தை இருக்கும் போலிருக்கிறது என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டார். இந்த ஆளின் அதிகாரம்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

“நீங்க கொஞ்ச நேரம் வெளியே இருங்க.”

கதவு சாத்தியதும் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “மனசுவிட்டுச் சொல்லுங்க. இந்த அளவு உங்க ஆசையா, அவர் ஆசையா?”

மின்னலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “மேடையிலதான் டாக்டர் அவரு மந்திரவாதி. வீட்டுல நான் கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டாரு. இது என் பிழைப்பு. எங்க பெட்டி வித்தையைப் பார்க்கத்தான் சனம் வரும். நான் படுத்ததிலிருந்து பெட்டியைத் திறக்கவே இல்லை. பாதி நாற்காலி காலி.”

“வேற பொண்ணு யாரையாவது வச்சு...”

“நான் இல்லாம அது நடக்காது டாக்டர். நானும் பழைய மாதிரி இல்லேன்னா நடக்காது.”

டாக்டரம்மாவுக்கு இப்போதுதான் பிடி கிடைத்தது. “ஓ, பெட்டி ரொம்பக் குறுகலா? உள்ளே இடிக்கும்னு பாக்கறீங்களா?”

“அப்படியே வச்சுக்குங்களேன்.”

“சரி, பழைய போட்டோ இருந்தா கொண்டு வாங்க. முன்னே எப்படி இருந்தீங்கன்னு பார்த்துக்கறேன்.”

“போட்டோ எதுக்கு? எப்படி இருந்தேன்னு தினமும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்.”

பாவம், தினமும் பழைய படத்தை வைத்துக்கொண்டு ஏங்குகிறாள் என்று டாக்டரம்மாவின் மனம் இளகியது. மாதிரிப் பைகளில் சிலவற்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். “உள்ளாடைக்குள்ள வச்சு நடந்து பாருங்க. படியேறுங்க, குனிஞ்சு நிமிருங்க. அவசரமே இல்லை.”

அடுத்த வாரம் மின்னல் தனியாக வந்தாள். உட்காருவதற்கு முன்பே சொன்னாள். “வலது பக்கம் இருநூத்தி அறுபது. இடது பக்கம் இருநூத்தி நாப்பது.”

டாக்டரம்மாவின் பேனா பாதியில் நின்றது. “ஏம்மா, கடவுள் பண்ணின தப்பைத் திருத்திக் குடுங்கன்னுதான் என்கிட்ட வருவாங்க. நீங்க அந்தத் தப்பையும் சேர்த்துத் திருப்பிக் கேக்கறீங்களே.”

“அந்தத் தப்பு இருந்தாத்தான் டாக்டர் நான் நானா இருப்பேன்.”

சொன்ன சொல்லில் அப்படியே நின்றாள். டாக்டரம்மாவும் வாதாடுவதை விட்டுவிட்டு, கேட்டதைக் கேட்டபடியே செய்து கொடுத்தார். காயம் ஆறியது. முடி காதை மூடுமளவுக்கு வளர்ந்தது. ஒருநாள் மந்திரவாதியே வந்து நுழைவுச்சீட்டை நீட்டினான். “நடைபாதை ஓரத்து இருக்கை. நீங்க அங்கதான் உக்காரணும்னு அவ கண்டிப்பா சொல்லிட்டா.”

அரங்கத்தில் எள் போட்டால் எள் விழாது. மேடை விளக்கு எரிந்ததும், உடம்போடு ஒட்டித் தைத்த வெள்ளி உடையில் மின்னல் வந்து நின்றாள். கூட்டத்தில் டாக்டரம்மாவைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். பெட்டிக்குள் ஏறினாள். தாராளமாக இடம் இருந்தது. இன்னொருத்தி கூட நிற்கலாம். ‘இதற்கா அந்தப் பாடு?’ என்று டாக்டரம்மா வியந்தார்.

மந்திரவாதி பெட்டியைப் பூட்டினான். சுழற்றினான். திறந்தான்.

காலி.

அரங்கம் மூச்சுவிடுவதற்குள் பின்பக்கக் கதவு படாரென்று திறந்தது. அதே வெள்ளி உடை, அதே குட்டை முடி, அதே சிரிப்பு. விளக்கொளி அவள்மேல் விழுந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. கைதட்டலில் கூரை பெயர்ந்துவிடும் போலிருந்தது. மேடையில் மந்திரவாதி, மறைக்க மனமில்லாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கையை உயர்த்தியபடி அவள் நடைபாதையில் ராணி போல நடந்து வந்தாள். டாக்டரம்மாவின் கண் பழக்கதோஷத்தில் அளவெடுத்தது. அதே சரிவு, அதே எடுப்பு, இடது பக்கம் கடுகளவு குறைவு. கத்தி பட்ட உடம்பென்று பெற்ற தாய்கூடச் சொல்ல மாட்டாள். இத்தனை வருடத்தில் இப்படியொரு வேலையை நான் செய்ததில்லை என்று அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அவள் அருகில் வந்ததும் டாக்டரம்மா கையைப் பற்றிக்கொண்டார். “சத்தியமா, இது என் கைவேலைன்னு என்னாலேயே நம்ப முடியலம்மா.”

அவள் குனிந்து, அவரை இறுகக் கட்டிக்கொண்டு காதோரம் சொன்னாள்:

“நம்பாதீங்க டாக்டர். உங்க கைவேலை இன்னும் பெட்டிக்குள்ளதான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒளிஞ்சிருக்கு. நான் அவளுக்கு அஞ்சு நிமிஷம் பின்னால பிறந்தவ.”