இடப்பக்கம் ஒரு சாண்

"ஏங்க, இன்னிக்கும் பாக்கறாளா?"

"பாக்குது, பாக்குது. நீ அந்தப் பக்கம் திரும்பாதே!"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு பால்கனியிலிருந்து உள்ளே வந்தார். எதிர்க் கட்டடத்து ஜன்னலில் ஒரு பெண்மணி. காலையில் வந்து உட்கார்ந்தால் மாலை வரை இடத்தை விட்டு அசைய மாட்டாள்.

இவருக்கோ முட்டி வலி. கம்பியைப் பிடித்துக்கொண்டு தினமும் முப்பது முறை பாதி உட்கார்ந்து எழ வேண்டும், இல்லாவிட்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் பிடித்துக்கொள்ளத் தோதாக இருந்தது பால்கனிக் கம்பி ஒன்றுதான். முட்டி மடங்கத் தோதாக இருந்தது ஒரு பழைய அரைக்கால் டிரவுசர்தான்.

"நீங்க பாக்காம, அவ பாக்கறது எப்படித் தெரிஞ்சுது?" என்றாள் மனைவி.

"இருபது வருஷமா ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிறவன்டி நான். எந்தக் கண்ணு எங்க பாக்குதுன்னு எனக்குத் தெரியாதா? அந்தம்மாவுக்குப் பார்வை படு தெளிவு. அதுதான் தொல்லையே."

"ஆமாமா, உங்க முட்டியைப் பாக்க டிக்கெட் எடுத்துட்டு வந்து உக்காந்திருக்கா!"

அவள் சிரித்தாளே தவிர, மனசுக்குள் பயம்தான். போன முறை டாக்டர், "நிஜமாவே முப்பதும் செய்யறாரா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். செய்யாமல் என்ன? சமையலறையில் இருக்கும் அவளுக்கு ஒன்றிலிருந்து முப்பது வரை எண்ணுவது கணீரென்று கேட்கிறதே!

"எதிர்ல ஒருத்தி முறைச்சிட்டிருந்தா முட்டி எப்படிம்மா குணமாகும்?" என்றார் அவர். அன்றைக்கே மூன்று தொட்டி மூங்கில் வந்து இறங்கியது. அடர்த்தியாக வளரும் ரகம், கொஞ்ச நாளில் சுவர் மாதிரி நிற்கும் என்று செடிக்கடையில் சொன்னார்களாம்.

இரண்டே வாரத்தில் இலை பழுத்தது. மனுஷர் ஆடிப்போனார். செடியோடு ஒரு அட்டை கட்டியிருந்தது. 'சந்தேகம் இருந்தால் அழைக்கவும்' என்று போட்டிருந்த எண்ணுக்கு பால்கனியில் நின்றபடியே பேசினார்.

"மூங்கில் இலை பழுக்குது மேடம்."

எதிர்முனையில் அமைதியான ஒரு பெண் குரல், "உச்சி வெயில்ல, தொட்டி வழிய வழிய ஊத்துறீங்களா சார்?"

"எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க!"

"அனுபவம்தான் சார். காலையில ஊத்துங்க. விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க, காஞ்சிருந்தா மட்டும் ஊத்தினா போதும். அடியில தண்ணி தேங்கினா வேர் அழுகிடும். உதிர்ற இலையைப் பெருக்கித் தள்ளாதீங்க, மண்ணுமேலயே கிடக்கட்டும். அதுதான் அதுக்குப் போர்வை."

அவர் சொன்னபடியே செய்தார். மூங்கில் பிழைத்தது.

"குரலைக் கேட்டே வியாதியைச் சொல்றாங்க. என்ன ஞானம்!" என்று உருகினார்.

"கட்டினவ இருபது வருஷமா சொல்றது காதுல ஏறல. முகம் தெரியாதவ சொன்னா வேதவாக்கு!" என்றாள் மனைவி.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் போன் போகும். புது முளை வந்தால் ஒரு போன், எறும்பு வந்தால் ஒரு போன். மூங்கிலும் கிடுகிடுவென்று வளர்ந்தது. வீட்டுக்குள் காற்று வருவது நின்றது.

"நான் குடியிருக்கிறது வீட்டுலயா, காட்டுலயா? கீழ்க்கிளையையாவது வெட்டுங்க" என்றாள் மனைவி.

அவர் போனில் அனுமதி கேட்டார்.

"வெட்டவே வெட்டாதீங்க சார்!" அந்த அமைதியான குரல் முதல் தடவையாகப் பதறியது. "நடுத்தொட்டியில கையே வைக்காதீங்க. அப்புறம், கடைசித் தொட்டியை இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி வைங்க."

"வெளிச்சம் பத்தலையா மேடம்?"

"தள்ளி வச்சுப் பாருங்க சார். எல்லாருக்கும் நல்லது."

மூச்சு வாங்கத் தொட்டியைத் தள்ளினார். கடைசியாக மிச்சமிருந்த இடைவெளியும் அடைபட்டது. பச்சைச் சுவர்! எதிர் ஜன்னல் மருந்துக்குக்கூடத் தெரியவில்லை. மறுநாள் காலை துண்டில்லாமல் ராஜா மாதிரி பால்கனிக்குப் போனார். எண்ணிக்கை தெருமுனை வரை கேட்டது.

முடித்த கையோடு போனை எடுத்தார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் நன்றி சொல்லிடறேன்" என்று மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மேடம், உங்க புண்ணியத்துல மூங்கில் சுவரா நிக்குது! இனிமே என்ன பண்ணணும்?"

"இனிமே இலை பழுத்தா நீங்கதான் சார் பாத்துச் சொல்லணும். நேத்தோட என் ஜன்னல்லேருந்து உங்க பால்கனி சுத்தமா மறைஞ்சிடுச்சு."

கடைக்காரரின் கை துண்டைத் தேடியது.

"ஜன்னலைச் சாத்தினா, செடிக்கடைக்கு நான் வளர்க்கிற நாத்துங்களுக்கு வெயில் வராது. திறந்தா நீங்க வந்துடறீங்க, அந்த டிரவுசரோட. மூங்கில் சீக்கிரம் வளரணும்னு உங்களைவிட நான்தான் சார் அதிகமா வேண்டிக்கிட்டேன். வீட்டம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கேன், சொல்லுங்க" என்றாள் மனைவி, சிரிப்பை அடக்கமாட்டாமல்.

"இனிமே நீங்கதான்க்கா பக்கத்துல நின்னு பாத்துக்கணும். சார் முட்டியை மடக்கறது பன்னெண்டு வரைக்கும்தான். மீதிப் பதினெட்டும், கம்பியில சாஞ்சு நின்னுக்கிட்டு வாயாலதான்!"