பதினாறு பக்க அறிக்கை

அன்று வார்டு கூட்டத்துக்கு வந்தவர்கள்: ஆண்கள் பதின்மூன்று, பெண்கள் பதினைந்து. அதில் ஒருத்தி எட்டு மாதக் கர்ப்பிணி. இவர்கள் போக, மேடையில் அதிகாரி. பக்கத்தில், தலை எண்ண நான்.

தெருமுனையில் இருக்கும் ஆஸ்பத்திரியை ஆறு கிலோமீட்டர் தள்ளி மாற்றப்போகிறார்கள். வேண்டாம் என்று இருபத்தைந்து கை உயர்ந்தால் நிறுத்திவிடலாம். ஆனால் பதினாறு பக்க அறிக்கையை அதிகாரி முழுக்கப் படித்துக்காட்டிய பிறகுதான் கை தூக்க வேண்டும். அது விதி.

ஏற்கெனவே இரண்டு முறை ஆள் போதாமல் கூட்டம் கலைந்தது. இதுவும் கலைந்தால் அலுவலகம் தன் இஷ்டப்படி முடிவு செய்துகொள்ளும்.

நாலாம் பக்கத்தில் மூன்று பேர் எழுந்து போனார்கள். மீதி சரியாக இருபத்தைந்து.

ஆறாம் பக்கத்தில் பஸ் கண்டக்டர் எழுந்தார். "டியூட்டிக்கு நேரமாச்சு. என் ஒருத்தன் கையால என்ன ஆகிடப் போகுது?"

அப்போதுதான் தையல்காரர் வாயைத் திறந்தார்.

"மாத்தட்டுமே சார். ஆறு கிலோமீட்டர் ஒரு தூரமா? நடந்தா உடம்புக்கு நல்லது."

கண்டக்டர் திரும்பினார். "யோவ், மாசமா இருக்கற பொண்ணை முன்னால வெச்சுக்கிட்டுப் பேசற பேச்சா இது?"

"எங்கம்மா நடந்துபோய்த்தான் என்னைப் பெத்தாங்க."

"அதான் வழியிலேயே உன் மூளை விழுந்துடுச்சு போல!" என்றாள் சலவைக்கடை அக்கா.

கூடம் சிரித்தது. "டியூட்டி கிடக்கட்டும், இந்த ஆளை விடறதில்ல" என்று கண்டக்டர் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு பக்கத்துக்கு ஒரு வில்லங்கம். "ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்தா வியாதிதான் வளரும்" என்றார் தையல்காரர். "விலை போயிட்டான்" என்றார்கள். கர்ப்பிணி அழுதேவிட்டாள். ஒருவர் செருப்பைக் கழற்றினார். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை.

பதினாறாம் பக்கம் முடிந்தது.

"வேண்டாம்கறவங்க கை தூக்குங்க."

எண்ணினேன். இருபத்துநாலு. மறுபடி எண்ணினேன். அதே இருபத்துநாலு.

தையல்காரர் முகத்தைத் துடைத்த கைக்குட்டையோடு கையைத் தூக்கினார்.

"என்னண்ணே இது?" கண்டக்டர் வாயைப் பிளந்தார்.

"போன தடவை ஒன்பதாம் பக்கத்துலயே பாதிப் பேர் கிளம்பிட்டீங்க. சண்டைய பாதியில விட்டுட்டு மட்டும் நாம யாரும் போனதில்லையே, தம்பி."

கர்ப்பிணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "இன்னும் ஒண்ணு பாக்கி. தீர்மானத்தை மேலிடத்துக்குக் கொண்டுபோக அஞ்சு பேர் குழு வேணும். இன்னிக்கே பேர் குடுக்கணும். இல்லேன்னா தீர்மானம் செல்லாது."

நாற்காலிகள் நகர்ந்தன. ஒவ்வொருவருக்கும் ஏதோ அவசரம்.

தையல்காரர் பதறி எழுந்தார். "எவனும் வேணாம்! நான் ஒருத்தன் போதும்! உங்களுக்கெல்லாம் என்ன தெரியும்?"

"போதும்ண்ணே, உங்க நடிப்புதான் தெரிஞ்சுபோச்சே!" கண்டக்டர் சிரித்தபடி அவர் தோளில் தட்டிவிட்டு வெளியே போனார். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

எண்ணினேன். வேண்டியது ஐந்து. தையல்காரரையும் கர்ப்பிணியையும் சேர்த்து மீதி இரண்டு.