ஏரி நகரத்து ரயில்

சுற்றுலாவின் முதல் மூன்று நகரங்களிலேயே தவசிலிங்கத்தின் முழங்கால் தேய்ந்துவிட்டது. தலைநகரம் செத்துப்போன ராஜாவின் கட்டிலைக் காட்டியது. துறைமுக நகரம் கலங்கரை விளக்கத்தில் ஏற்றி இறக்கியது. மலை நகரம் மூடுபனியைத் தவிர வேறெதையும் காட்டாமலே கட்டணம் வாங்கிக்கொண்டது. பருப்பு மண்டிக்காரரான அவர் ஒவ்வொன்றுக்கும் அடக்கவிலை என்னவாக இருக்கும் என்று மனத்துக்குள் போட்டுப் பார்த்து அலுத்துப்போனார். மனைவி கனியம்மாளுக்கு அலுக்கவில்லை. ஏரி நகரத்துக்குப் போகும் ரயிலின் வாசலில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

"ஏரியில என்னட்டி இருக்கு? தண்ணி. அது நம்மூருக்கு லாரியிலேயே வருது."

"கல்யாணம் ஆனதுலருந்து உங்க மண்டிச் சுவரைத்தானே பாத்தேன். நான் போறேன். நீங்க வந்தா வாங்க."

"அப்ப நான் ஊருக்குக் கிளம்புறேன்."

"சூதானமாப் போங்க."

பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். விலை படியவில்லையென்றால் விறுவிறுவென்று நடந்துவிட வேண்டும், நாலு கடை தாண்டுவதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள், திரும்பிப் பார்த்தவன் தோற்றான் என்பது அவர் வளர்ந்த கடைத்தெருவின் பாடம். நடையைக் கொஞ்சம் குறைத்தார். நின்று செருப்பு வாரைச் சரிசெய்தார். சரியாக இருந்த வாரைத் திரும்பவும் சரிசெய்தார். கூப்பிடும் குரல் வரவில்லை.

அப்போதுதான் மாமனாரின் பாத்திரக்கடை ஞாபகத்துக்கு வந்தது. அது ஒரே விலைக் கடை. எழுந்து போகிற ஆளை அங்கே யாரும் கூப்பிட்டதே கிடையாது.

முதுகுக்குப் பின்னால் ரயில் ஊதியது. தவசிலிங்கம் பையைக் கீழே வைத்தார். கழுத்தை மட்டும் இன்னும் திருப்பவில்லை.